ஆண் மரம்

அம்மிச்சி வீட்டுப் பின்புறப் பொடக்காளியில் நின்ற ஆண் பப்பாளி மரத்தில் ஏழு ஆணிகள் இருந்தன. ஆணி அடித்தால் ஆண் மரம் பெண்ணாக மாறிக் காய்க்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நோம்பிக்கு வந்த பெரியப்பா ஒன்று, பால் கறக்க வருகிறவர் ஒன்று, மாமன் ஆத்திரத்தில் நான்கு என்று ஆளாளுக்கு அடித்துவைத்திருந்தார்கள். ஏழாவது ஆணி நான் அடித்தது. 1979 கோடை லீவு. எனக்கு ஒன்பது வயது. சுத்தியல் சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மிச்சி என்னைத் திட்டவில்லை. தண்டில் வடிந்த பாலை முந்தானையால் ஒற்றிவிட்டு, "அது பாட்டுக்கு நிக்குது. உன்னைய என்ன அம்மிணி பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மரம் அதற்கப்புறமும் ஆணாகவே நின்றது. முழ நீளக் காம்புகளைத் தொங்கவிட்டு, அதில் கொத்துக்கொத்தாக வெளிர்மஞ்சள் பூ பூக்கும். பொழுது சாய்ந்ததும் மணம் எழும். பூவாசலில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் அந்த மணம் சோற்றோடு கலந்து வரும். காய் மட்டும் வராது. காய்க்காத மரத்துக்கு எதற்குத் தண்ணீர் என்று மாமன் வருடம் தவறாமல் கேட்பார். அம்மிச்சி வருடம் தவறாமல் பேச்சை மாற்றுவார்.

தொண்டாமுத்தூருக்குப் பக்கத்தில் அந்த ஊர். மேற்கே மலை எழுந்து நிற்கும். துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடும் சின்ன வாய்க்காலின் கரை நெடுகப் பப்பாளி. அதை யாரும் நட்டதில்லை என்றுதான் நாங்கள் பிள்ளைகள் நினைத்திருந்தோம். மைனா தின்று போட்டது, காக்கை கொத்திப் போட்டது, தானாக முளைத்தது. பப்பாளியை யாராவது வாங்குவார்களா? விற்பார்களா? மாம்பழத்துக்கு விலை உண்டு, வாழைத்தாருக்கு விலை உண்டு. பப்பாளிப் பழத்தை வீட்டுக்கு வந்தவர் கையில் கொடுத்தனுப்புவார்கள், அவ்வளவுதான். காயைக் கூட்டு வைப்பார்கள். கறி வேகவில்லையென்றால் இரண்டு துண்டு பப்பாளிக்காய் போடுவார்கள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டுக்குள் பழத்தை எடுத்துவர மாட்டார்கள். இலைக்காம்பு உள்ளே குழலாக இருக்கும். அதை வெட்டிச் சோப்புத்தண்ணீரில் முக்கி நாங்கள் குமிழி விடுவோம். ஒரு மரம் காற்றில் சாய்ந்தால் யாரும் வருந்த மாட்டார்கள். பக்கத்திலேயே இன்னொன்று தலையெடுத்திருக்கும்.

இத்தனை வயதுக்கு அப்புறம் யோசித்துப் பார்க்கும்போது, அந்த வாய்க்கால் கரையில் நடந்தது வேறு என்று புரிகிறது. முளைத்ததில் பத்துக்கு எட்டை அம்மிச்சி பிடுங்கிவிடுவார். எந்தப் பழத்தின் விதையை வாய்க்காலில் கொட்டுவது, எதை மாட்டுக்குப் போடுவது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு பழம் நன்றாக இருந்தால் விதையை முறத்தில் கொட்டி, அடுப்புச் சாம்பல் தூவி, உள்ளங்கையால் தேய்ப்பார். ஒவ்வொரு விதையையும் மூடியிருக்கும் வழுவழுப்பான சவ்வு உடைந்து, கறுப்பான, சொரசொரப்பான விதை வெளியே வரும். "இந்தச் சவ்வு இருக்கறவரைக்கும் விதை தூங்கும் சாமி" என்பார். அந்தச் சவ்வில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டது முப்பது வருடம் கழித்து. தேய்த்ததைக் கழுவி, தண்ணீரில் மிதப்பதை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்துவார். மழை பிடிப்பதற்கு முன்னால், வாய்க்கால் கரையில் மூன்று மூன்றாகக் குத்தி வைப்பார். எங்கள் கண்ணுக்கு அது விளையாட்டுப்போல இருந்தது. தானாக முளைத்த மரங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதிக்கு மேல் அப்படிக் குத்தி வைத்தவை.

மூன்று மூன்றாக ஏன்? பப்பாளியைப் பூக்கும்வரை ஆணா பெண்ணா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. நட்டு நாலைந்து மாதம் ஆக வேண்டும். நாட்டு ரகத்தில் பாதி ஆண், பாதி பெண். ஒரு குழிக்கு ஒரே ஒரு நாற்று வைத்தால் பாதிக் குழி வீண். மூன்று வைத்தால் ஒன்றாவது பெண்ணாக இருப்பதற்கு எட்டில் ஏழு பங்கு வாய்ப்பு. பூத்ததும் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடலாம். அம்மிச்சிக்கு இந்த எட்டும் ஏழும் தெரியாது. மூன்று வைக்க வேண்டும் என்பது தெரியும்.

1980ஆம் வருடம் மாமன் கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்து கோ 2 விதை வாங்கிவந்தார். அந்த ரகம் வெளிவந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நாட்டு வகையிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் அது. பழம் ஒன்றரை, இரண்டு கிலோ வரும். ஆனால் மாமனுக்கு வேண்டியிருந்தது பழம் இல்லை, பால். காய் முற்றுவதற்கு முன்னால், வெடியால வெயில் ஏறுமுன், பிளேடால் மேல்தோலில் மெல்லிசாகக் கீறினால் பால் சொட்டும். அதைக் காயவைத்தால் பப்பெய்ன். கறியை மெதுவாக்குவதற்கும் மருந்துக்கும் போகிற சரக்கு. கீறின காய் பழுத்தாலும் மேலெல்லாம் வடுவாக இருக்கும். அதைத் தின்பவர் குறைவு.

மாமன் தோட்டத்தில் வரிசை பிடித்து நட்டார். பூத்ததும் ஆண் மரங்களை வெட்டினார். இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் விட வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லி அனுப்பியிருந்ததால், ஓரமாக நின்ற ஒன்றை மட்டும் விட்டார். எந்த ஆணை விடுவது என்று அவர் யோசிக்கவில்லை. வரப்புக்குப் பக்கத்தில் நின்றதை விட்டார். அம்மிச்சி அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "மாப்பிள்ளை பாக்கறவங்க பையன மட்டுமா பாப்பாங்க? அவங்கம்மாளப் பாப்பாங்க. கட்டிக்குடுத்த அக்காளப் போய்ப் பாப்பாங்க. ஆம்பள மரம் காய்ச்சா காட்டும்? அதுகோட பொறந்ததப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கோணும்."

பொடக்காளியில் நின்ற ஆணி அடித்த மரம் அப்படிப் பார்த்து விட்ட மரம். ஒரே பழத்து விதை மூன்று, ஒரே குழி. இரண்டு பெண்ணாகவும் ஒன்று ஆணாகவும் வந்தன. அந்த இரண்டு பெண் மரமும் இடுப்பு உயரத்திலேயே காய் பிடித்தன. அடித்தண்டு உரல் மாதிரி இருந்தது. பழத்தை நீளவாக்கில் வகுந்தால் செக்கச் சிவப்பில்லை. பழுத்த எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் ஒரு நிறம். நாக்கில் வைத்தால் இனிப்பு முடியும்போது மெல்லிய வாசம் ஒன்று வரும். இன்றைக்கு வாங்கித் தின்னும் எந்தப் பழத்திலும் அந்த வாசம் இல்லை. அந்த இரண்டின் உடன்பிறப்பு என்பதற்காகத்தான் அந்த ஆணுக்கு அத்தனை வருடம் தண்ணீர் போனது. மூன்றும் எங்கள் கண்முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நாங்கள் இரண்டிலிருந்து பழம் பறித்தோம். ஒன்றில் ஆணி அடித்தோம்.

1983இல் மோட்டார் ரூம் கட்ட இடம் வேண்டும் என்று மாமன் அந்த ஆண் மரத்தை வெட்டினார். பப்பாளித் தண்டுக்கு அரிவாள்கூட வேண்டாம். உள்ளே வெறும் நார்க்கூடு. இரண்டு வெட்டில் விழுந்தது. அம்மிச்சி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து, புதிதாகக் காய்த்த மரத்தின் பழத்தைத் தின்றுவிட்டு, "கொணம் மாறிப்போச்சு" என்றார். எங்களுக்கு மாறியதே தெரியவில்லை. தோட்டத்தில் பால் எடுக்க நட்ட கோ 2 மரத்தின் மகரந்தம் பொடக்காளி மரங்களுக்கு வந்துசேர்ந்திருக்கிறது என்பதை அவர் நாக்கு கண்டுபிடித்தது. 1991இல் அம்மிச்சி போனார். வாய்க்கால் மேல் சிமெண்டு பூசினார்கள். கடைசிப் பழங்களின் விதையில் ஒரு கைப்பிடியை எடுத்து வைத்திருக்கலாம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது, எடுத்து வைக்கவில்லை. அதற்கு இன்றுவரை வருந்துகிறேன்.

கல்யாணமாகி வடவள்ளிப் பக்கம் பத்து செண்டில் வீடு கட்டியது 1996இல். வீட்டைச் சுற்றி மண் இருந்தது. முதலில் போட்டது பப்பாளிதான். கிடைத்த நாட்டு விதையை எல்லாம் போட்டேன். ஆண் பூ தெரிந்த அன்றே அந்த மரத்தை வெட்டினேன். ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. இத்தனைக்கும் அம்மிச்சி சொன்னது எனக்கு மறக்கவில்லை. பத்து செண்டில் காய்க்காத மரத்துக்கு இடம் ஏது என்று நினைத்தேன். பெண் மரங்கள் எல்லாம் காய்த்தன. தெருவில் யார் வீட்டிலோ, காலி மனையில் எங்கேயோ ஆண் மரம் நின்றிருக்கும். அதன் மகரந்தம் காற்றிலும் பூச்சியிலும் வந்து என் மரங்களைக் காய்க்க வைத்துக்கொண்டிருந்தது. நான் வெட்டிய மரத்தின் வேலையை வேறு யாரோ விட்டுவைத்த மரம் செய்தது. அது எனக்குத் தெரியாமலே பன்னிரண்டு வருடம் ஓடிற்று.

2008இல் வெள்ளையாக ஒன்று வந்தது. இலையின் அடியில் மாவு தூவினதுபோல் ஆரம்பித்து, ஒரு மாதத்தில் குருத்து, காய், தண்டு என்று மரம் முழுக்கப் பஞ்சு மூடியது. பப்பாளி மாவுப்பூச்சி. இந்தியாவில் அதை முதலில் கண்டுபிடித்ததே எங்கள் கோயமுத்தூரில்தான், அந்த வருடத்தில். பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று எல்லாவற்றிலும் ஏறியது. பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரி இலையைத் தொட முடியாமல் நின்றார்கள். நான் வேப்பெண்ணெய் அடித்தேன், சோப்புக்கரைசல் அடித்தேன், குழாயைப் பிடித்துப் பீய்ச்சிக் கழுவினேன். கடைக்காரர் கொடுத்த மருந்தையும் ஒருமுறை அடித்தேன். அது பொறிவண்டைத்தான் கொன்றது. மெழுகுப்பூச்சு போர்த்திய பூச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. 2009 முடிவதற்குள் என் பதினோரு மரங்களையும் வெட்டி எரித்தோம். தெருவிலும் ஒன்று மிஞ்சவில்லை.

பப்பாளி பிறந்த இடம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். நானூறு, ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் போர்த்துக்கீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. அந்த மாவுப்பூச்சியும் அதே பக்கத்துப் பூச்சிதான். மரத்தைக் கொண்டுவந்தவர்கள் பூச்சியைக் கொண்டுவரவில்லை. அது பல நூறு வருடம் பிந்தி வந்தது, தன் எதிரியை அங்கேயே விட்டுவிட்டு. 2010இல் அந்த எதிரியையும் வரவழைத்தார்கள். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவி அது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உடம்பு. அசெரோபேகஸ் பப்பாயே என்று பெயர். பெங்களூரில் வளர்த்து, தமிழ்நாட்டில் தோட்டம் தோட்டமாக விட்டார்கள். குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்து தின்று, குளவியாகி வெளியே வரும். சில மாதங்களில் வெள்ளை அடங்கியது. கடைக்காரர் கொடுத்த அந்த மருந்தை அடிக்காமல் இருந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். இப்போது தோட்டத்தில் எந்தப் பூச்சியைப் பார்த்தாலும் முதலில் அதைத் தின்கிறது எது என்று தேடுகிறேன்.

மறுபடி நட நினைத்தபோது காலம் மாறியிருந்தது. பப்பாளியை இப்போது பாக்கெட்டில், எண்ணி விற்கிறார்கள். எல்லாரும் ரெட் லேடி போடச் சொன்னார்கள். தைவானில் உருவாக்கிய கலப்பின விதை. அதில் ஆண் மரமே வராது. பெண் மரமும் இருபால் மரமும்தான், இரண்டும் காய்க்கும். இருபால் பூவில் மகரந்தமும் சூலும் சேர்ந்தே இருப்பதால் அதுவே தன்னைச் சினைப்படுத்திக்கொள்ளும். நீளக் காய் வரும். பெண் மரத்தில் உருண்டைக் காய். இலையில் வளையப் புள்ளி விழுந்து மரம் குன்றிப்போகும் வைரஸ் நோயை மற்ற ரகங்களைவிட ஓரளவு தாங்கும். பழம் சிவப்பு, கெட்டி. லாரியில் போனாலும் நசுங்காது. பத்து விதை போட்டேன், எட்டு முளைத்தது, எட்டும் காய்த்தது. பிடுங்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். அம்மிச்சி இருந்திருந்தால் ஆச்சரியப்பட்டிருப்பார்.

அதன் பழத்திலிருந்து விதை எடுத்துச் சாம்பலில் தேய்த்தேன். அம்மிச்சி கற்றுக்கொடுத்தது கையில் இருந்தது. முளைப்பில் குறையில்லை. ஆனால் வந்த மரம் ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒன்று நெட்டையாக ஓடி எட்டடிக்கு மேல் காய்த்தது. ஒன்றில் பழம் தண்ணீராக இருந்தது. ஒன்று வைரஸில் முதல் வருடமே போயிற்று. கலப்பின விதையின் தன்மை ஒரு தலைமுறையோடு சரி. பிள்ளைகளில் பெற்றோரின் குணங்கள் பிரிந்து சிதறிவிடும். அந்தப் பாக்கெட் சொன்னபடி நடந்துகொண்டது. ஒவ்வொரு முறையும் கடைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கைப்பிடி விதையை வைத்திருக்காமல் விட்டதற்கு வருந்துகிறவள், வைத்திருக்கவே முடியாத விதையை எப்படி நடுவேன்?

அதற்கப்புறம்தான் ரகங்களைத் தேடிப் படித்தேன். பல்கலைக்கழகத்துக்கும் போய்வந்தேன். கோ 3 என்பது கோ 2 பெண்ணில் சன்ரைஸ் சோலோ மகரந்தம் சேர்த்து 1983இல் வந்த ரகம். சோலோ வகை பார்படோசிலிருந்து 1911இல் ஹவாய்க்குப் போனது. ஒருவர் ஒரே வேளையில் தின்று முடிக்கும் அளவு பழம் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். ஆக மாமன் பால் எடுத்த மரத்துக்கும் ஹவாய்க்கும் பிறந்த பிள்ளை கோ 3. அரைக் கிலோவுக்கு மேல், சின்னப் பழம், சிவப்பு, நல்ல இனிப்பு. இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை. கோ 7, பெங்களூரில் வந்த அர்க்கா பிரபாத், சூர்யா எல்லாம் ஆண் வராத ரகங்கள். இவை ரெட் லேடி போல ஒரு தலைமுறைக் கலப்பினம் இல்லை என்பதால் வீட்டிலேயே விதை எடுக்கலாம். மலராத இருபால் மொட்டுக்கு ஒரு காகித உறை போட்டுக் கட்டிவிட்டால் போதும், வெளி மகரந்தம் நுழையாது. அந்த விதையில் மூன்றுக்கு இரண்டு இருபால், ஒன்று பெண். மாடியில் டிரம்மில் வளர்க்க நினைக்கிறவர்கள் பூசா நன்ஹா தேடலாம். கதிர்வீச்சில் மாறிய குட்டை மரம்; தரையிலிருந்து ஓர் அடியிலேயே காய்க்கும். ஒன்றிரண்டு மரத்துக்குத்தான் இடம் என்று யாராவது கேட்டால் நான் கோ 7 சொல்கிறேன். மூன்று நாலு நாற்று வைத்து, இருபால் மரத்தை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கடும் கோடையில் அதன் பூ சில ஆணாகத் திரிந்து உதிரும், குளிர்காலத்தில் சில காய் கோணலாக வரும். அதற்குப் பயந்து மரத்தை எடுத்துவிடக் கூடாது. பருவம் மாறினால் சரியாகும்.

இந்தத் திரிபைப் படித்தபோது ஆணி நினைவுக்கு வந்தது. வெப்பம் மாறும்போதும் காயம்படும்போதும் ஆண் மரங்களில் சில கொஞ்ச நாளுக்குப் பெண் பூ காட்டும். நீளக் காம்பின் நுனியில் ஒன்றிரண்டு காய் தொங்கும். எந்த ஊரிலோ அப்படிக் காய்த்த மரத்தில் யாரோ ஓர் ஆணி அடித்திருப்பார்கள். அந்தச் செய்தி ஊர் ஊராகப் போயிருக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது அம்மிச்சியின் வழியில் ஒரு மரம். 2011இல் வெளியான கோ 8 அதற்கு அருகில் வந்தது. கோ 2இன் வழித்தோன்றல், சிவப்புச் சதை, ஆண் பெண் தனித்தனி. 2016இல் ஆறு குழி எடுத்தேன். ஒன்றரை அடி ஆழம், அகலம். தொழு உரம், வேப்பம்பிண்ணாக்கு, மேல்மண். தரைமட்டத்துக்கு மேலே மண்ணை அணைத்து மேடாக்கி நட்டேன். பப்பாளியின் அடியில் ஒரு நாள் தண்ணீர் நின்றால் தூர் அழுகிப் போகும். முன்பு ஒரு வருடம் ஐப்பசி மழையில் ஒரே இரவில் நாலு மரத்தை அப்படிக் கொடுத்திருந்தேன். இந்த முறை தப்பியது. ஆறாம் மாதம் ஏழு பெண்கள் நின்றன. பதினோரு ஆணை வெட்டியாயிற்று. பழைய பழக்கம் கையை ஓட்டியது.

பூ உதிர்ந்தது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். வெள்ளைப் பூ விரிந்து, அடியில் குண்டுமணி அளவு பிஞ்சு தெரிந்து, மஞ்சளாகிக் கீழே விழும். உரம் போட்டேன், தண்ணீரைக் குறைத்தேன், கூட்டினேன். கடைசியில் ஒரு சாயங்காலம் தெருவில் வீடு வீடாக மதில்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஆண் மரம் ஒன்றுகூட இல்லை. காலி மனைகளில் வீடு வந்துவிட்டது. தெருவில் இருந்த பப்பாளியெல்லாம் ரெட் லேடி, அல்லது கடையில் வாங்கிய ரெட் லேடிப் பழத்தின் விதையில் வந்தவை. அந்த வழியில் ஆணே பிறக்காது. முன்பு யாருக்கும் வேண்டாமல் எங்கும் நின்ற மரம், வேண்டும் என்று தேடுகிறபோது ஒரு தெருவில்கூட இல்லை. எங்கிருந்தோ வந்த இருபால் மகரந்தத்தில் இரண்டு மூன்று காய் மட்டும் பிடித்தது. அவற்றின் தகப்பன் யார் என்று எனக்குத் தெரியாது. நல்ல பழத்தின் விதையை எடுத்து வைப்பதைத்தான் நாம் தேர்வு என்கிறோம். அந்த விதையில் பாதி, நாம் பார்க்காத ஒரு மரத்திலிருந்து வந்தது. அம்மிச்சி அந்தப் பாதியைப் பார்த்தவர்.

உறவுக்காரர் தோட்டம் ஒன்று ஆலாந்துறைக்கு அந்தப்பக்கம். அங்கே கிணற்றோரம் ஓர் ஆண் மரம் நிற்பதாகக் கேள்விப்பட்டுச் சாயங்கால பஸ்ஸில் போனேன். பக்கத்தில் அதோடு முளைத்த பெண் மரங்கள் இருந்தன. முதலில் அவற்றைப் பார்த்தேன். தாழக் காய்த்திருந்தன, இலையில் வளையப் புள்ளி இல்லை. ஒரு பழத்தை அறுத்துத் தரச் சொல்லித் தின்றும் பார்த்தேன். அந்தப் பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. "காய்க்காத மரத்துப் பூவுக்கா கண்ணு இத்தன தூரம் வந்தே? நாளைக்கு வெட்டறதா இருந்தேன்" என்றார். வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் விரியப்போகிற மொட்டுள்ள கொத்து நாலை அறுத்து, காம்பை ஈரத்துணியில் சுற்றி, தூக்குப்போசியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

வீட்டில் முந்தின நாளே பெண் மொட்டுகளில் வெளுத்து நுனி விரியத் தயாரானதாகப் பார்த்து உறை போட்டிருந்தேன். விடிந்ததும் ஆண் பூவின் இதழை உரித்து, அந்தப் பொடியைப் பெண் பூவின் கொண்டைபோன்ற ஐந்து கிளை முடிமேல் தடவி, மறுபடி உறை போட்டு, நூலில் சீட்டு கட்டினேன். பன்னிரண்டு பூவில் எட்டு பிடித்தது. ஐந்து மாதம் கழித்துக் காம்புப்பக்கம் மஞ்சள் கீற்று விழுந்த செங்காயாகப் பறித்து, அரிசிப் பானையில் வைத்தேன். முதல் பழத்தில் எண்ணூறு விதைக்குமேல் எண்ணினேன். என் வாழ்க்கையில் தாயும் தகப்பனும் தெரிந்த முதல் பப்பாளி விதை.

அப்போதிலிருந்து இது நான்காவது தலைமுறை. ஒவ்வொரு முறையும் இருபத்துநாலு நாற்று. பாதிக்குப் பாதி ஆண் வரும். முன்பு பூத்ததும் வெட்டின நான், இப்போது ஆண் மரங்களைக் குழி வாரியாகக் குறித்து வைத்து, அவற்றின் அக்கா தங்கைகள் காய்த்துப் பழுக்கும்வரை காத்திருக்கிறேன். எந்தக் குழியின் பெண் நன்றாக வருகிறதோ அந்தக் குழியின் ஆணை விட்டுவிட்டு மற்றதை எடுக்கிறேன். உறுதியாகத் தெரிவது அதற்கும் ஒரு வருடம் கழித்துத்தான், அவனுடைய பெண்கள் பழம் தரும்போது. மூன்றாம் தலைமுறையில் ஒரு மரத்துப் பழத்தில், இனிப்பு முடிகிற இடத்தில், அந்த வாசம் வந்ததுபோல் இருந்தது. வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை. அம்மிச்சியின் பழம் தின்ற நாக்கு இந்த வீட்டில் என்னுடையது ஒன்றுதான்.

இந்த வருடத்து ஆண் மரம் வாசலுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்து நிற்கிறது. பூக்க ஆரம்பித்து இரண்டு மாதம். கேஸ் கொண்டுவரும் தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு ஆணி அடிங்க" என்றான். அடிக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். போன வாரம் அடுத்த தெருவிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர் வீட்டில் கோ 8 இரண்டு நிற்கிறதாம், இரண்டும் பெண்ணாம், பிஞ்சு நிற்காமல் உதிர்கிறதாம். கேட்டுக்குள் வராமல் மரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். அதில் பாதி தண்ணீர்.

"அந்த ஆம்பள மரத்துல ஒரு கொத்துப் பூ கெடைக்குங்களா?" என்றார்.

உள்ளே வரச் சொல்லிவிட்டு, கத்தி எடுக்கப் போனேன்.